சிறப்புக் கல்வியில் மேல்படிப்பா? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ

பி.எட். முடித்து வகுப்பில் நிற்கும் தங்கைகள் பலர் இப்போது சிறப்புக் கல்விப் பக்கம் திரும்புகிறார்கள். கேட்கவே மனசு நிறைகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை என்ற தவிப்பில்தான் பெரும்பாலும் இந்த எண்ணம் வருகிறது. நல்ல தவிப்புதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் போய் நிற்காதே. எந்தப் படிப்பு, எந்த வரிசையில், எந்தப் பிள்ளைக்காக என்பதைத் தெளிவாக்கிக்கொண்டு போ. அந்த மூன்றும் தெளிவாகாமல் சேர்ந்தவர்களுக்குப் பட்டம் கிடைக்கிறது, வேலை கிடைப்பதில்லை. வேலை கிடைத்தாலும் பிள்ளை முன்னால் கை ஓடுவதில்லை.

முதலில் உன் பி.எட். சான்றிதழை எடுத்துப் பார்

அதில் வெறும் பி.எட். என்று இருக்கிறதா, பி.எட். சிறப்புக் கல்வி என்று இருக்கிறதா? வெறும் பி.எட். என்றால் எம்.எட். சிறப்புக் கல்வியில் உன்னை நேரடியாகச் சேர்க்க மாட்டார்கள். பத்து வருஷம் பாடம் நடத்தியிருந்தாலும் இதுதான் நிலை. அந்த 2 ஆண்டு எம்.எட்.டுக்குத் தகுதி, 50 சதவீத மதிப்பெண்ணோடு பி.எட். சிறப்புக் கல்வி. அது இல்லையென்றால், பொது பி.எட்.டோடு அங்கீகாரம் பெற்ற சிறப்புக் கல்வி டிப்ளமோ இருக்க வேண்டும். நிறைய பேர் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள்.

பொது பி.எட். மட்டும் வைத்திருக்கும் உனக்கு மூன்று வழி உண்டு. முதல் வழி, சிறப்புக் கல்வியில் இன்னொரு பி.எட். கல்லூரிக்குப் போய்ப் படித்தால் 2 ஆண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் படித்தால் இரண்டரை ஆண்டு. "மறுபடியும் பி.எட்.டா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். பொது பி.எட்.டில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி நீ படித்தது ஒரு தாளுக்கு மேல் இருக்காது. இங்கே பிள்ளையை மதிப்பிடுவது, அதற்கென்று திட்டம் எழுதுவது, பக்கத்தில் உட்கார்ந்து கற்பிப்பது என்று படிப்பே அதைச் சுற்றித்தான். இரண்டாவது, டி.எட். சிறப்புக் கல்வி. பிளஸ் டூ தகுதியில் சேரும் 2 ஆண்டு டிப்ளமோ. பட்டம் வாங்கியவள் டிப்ளமோ படிப்பதா என்ற கூச்சம் வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறாய் என்றால் இதைவிடக் கைப்பழக்கம் தரும் படிப்பு கிடையாது. அதோடு, உன் பொது பி.எட்.டோடு இது சேர்ந்தால் எம்.எட். சிறப்புக் கல்விக்குக் கதவு திறக்கும்.

மூன்றாவது, பொது எம்.எட்.டில் சேர்ந்து உள்ளடங்கிய கல்வியை விருப்பப் பாடமாக எடுப்பது. வகுப்பாசிரியராகவே இருந்து வகுப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றதாக மாற்ற வேண்டும், நாளைக்குத் தலைமையாசிரியர் ஆக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்களுக்கு இது போதும் என்பது என் கருத்து. ஆனால் இதை வைத்துக்கொண்டு சிறப்புப் பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்த ஆசை இருந்தால் முதல் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடி.

இன்னொன்றையும் கவனி. 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு ஆசிரியர் படிப்பு முழுவதுமே 4 ஆண்டு ஒருங்கிணைந்த பட்டத்தை நோக்கி நகர்கிறது. போன வருஷம் சேர்ந்த தோழி சொன்னது இந்த வருஷம் பொருந்தாமல் போகலாம். நீ சேரும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்பு.

ஆர்.சி.ஐ. பட்டியலைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதே

ஆர்.சி.ஐ. என்று நாம் சொல்வது இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான அமைப்பு. டாக்டர்களுக்கு மருத்துவ கவுன்சில் மாதிரி நமக்கு இது. பொது பி.எட்.டுக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் பார்த்திருப்பாய், சிறப்புக் கல்விக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பார்க்க வேண்டும். படித்து முடித்ததும் அவர்களுடைய மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து சி.ஆர்.ஆர். எண் வாங்க வேண்டும். அந்த எண்தான் உனக்கு உரிமம். நேர்காணலில் பட்டத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.

கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று மட்டும் கேட்டால் "உண்டு மேடம்" என்றுதான் பதில் வரும். அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட சிறப்புப் பிரிவுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். செவித்திறன் பிரிவுக்கு அனுமதி வைத்துக்கொண்டு ஆட்டிசம் பிரிவுக்கும் ஆள் சேர்க்கிறார்கள் என்றால் மாட்டிக்கொள்வது நீதான். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் கல்லூரிப் பெயர், படிப்பு, பிரிவு, எந்தக் கல்வியாண்டு வரை என்ற நான்கையும் சரிபார். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் போட்டு வை. பதிவு செய்யும்போது கை கொடுக்கும்.

ஆறு வார ஆன்லைன் சான்றிதழ், மூன்று மாத டிப்ளமோ, "குழந்தைகள் தெரபிஸ்ட் ஆகலாம்" என்ற விளம்பரமெல்லாம் போனில் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் சில நல்ல பயிற்சிகள்தான், அறிவுக்காகப் படி. சி.ஆர்.ஆர். எண் கிடைக்கும் என்று நினைத்துப் படிக்காதே. பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. அபராதத் தொகை சின்னது. பெற்றோர் நம் மேல் வைக்கும் நம்பிக்கை பெரியது.

எந்தப் பிள்ளைக்காகப் படிக்கிறாய்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக யோசி. பி.எட்., எம்.எட். இரண்டிலுமே ஒரு சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என்று பிரிவுகள் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பிரிவும் கிடையாது. பக்கத்துக் கல்லூரியில் எது இருக்கிறதோ அதில் சேர்வதுதான் வழக்கமாக நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு உலகம்.

செவித்திறன் பிரிவை எடுத்துக்கொள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைகள் இன்று சாதாரணப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கருவி வைத்துவிட்டால் காது கேட்டுவிடும் என்று பள்ளியில் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வகுப்புக் கூச்சலும் உன் குரலும் ஒன்றாகக் கலந்து விழும். நீ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் பாதி போய்விடும். கத்திப் பேசினால் இன்னும் குழப்பம். பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், உன் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, இயல்பான குரலில் பேச வேண்டும். கேட்டல் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, சைகை மொழி என்று படிப்பு விரியும். இந்திய சைகை மொழிக்கென்றே 2015-இல் டில்லியில் ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கினார்கள். அவர்களுடைய அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, மூன்று வயதுக்கு முன்பே பிள்ளையையும் தாயையும் சேர்த்துப் பயிற்றுவிக்கும் இடம். முடிந்தால் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு இந்தப் பிரிவை முடிவு செய்.

பார்வைத்திறன் பிரிவில் பிரெய்ல் உன் விரலுக்கு வர வேண்டும், கண்ணால் படித்துத் தப்பிக்க முடியாது. அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் பொறுமைதான் மூலதனம். ஒரு பனியன் போடக் கற்றுக்கொடுப்பதையே எடுத்துக்கொள்வோம். தலையில் மாட்டுவதிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியில் சோர்ந்து அழும். அதனால் தலையில் நீயே மாட்டி, கைகளை நீயே நுழைத்து, மார்பு வரை இழுத்துவிட்டு, கடைசியாகக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளையிடம் விடு. "போட்டுட்டியே!" என்ற சந்தோஷம் முதல் நாளே அதற்குக் கிடைக்கும். அது பழகியதும் கைகளை நுழைப்பது, பிறகு தலை என்று பின்னாலிருந்து முன்னால் வா. புத்தகத்தில் இது அரைப் பக்கம். கையில் வர மாதக்கணக்காகும்.

கற்றல் குறைபாடு வெளியே தெரியாது. அதனாலேயே அந்தப் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள், "சோம்பேறி" என்ற பேரும் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது. நீ வகுப்பாசிரியராகவே தொடரப் போகிறாய் என்றால் இந்தப் பிரிவுதான் உனக்குத் தினமும் உதவும் என்பேன். ஆட்டிசம் பிரிவுக்கு இப்போது தேவை அதிகம், நகரங்களில் சம்பளமும் பரவாயில்லை. சம்பளத்துக்காக மட்டும் அதை எடுக்காதே. சத்தம், வெளிச்சம், தொடுதல் எல்லாம் அந்தப் பிள்ளையை எப்படித் தாக்குகிறது என்று கவனிக்கும் மனசு இல்லையென்றால் உனக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம்.

எதை முடிவு செய்வதென்றாலும், அதற்கு முன் ஒரு வாரமாவது அந்தப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வா. சென்னையில் பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கிராமத்து வீடுகளுக்கே போய்ச் சின்னக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலைப் பயிற்சி தருவதை அங்கே பார்க்கலாம். எதுவும் முடியாவிட்டால் உன் ஒன்றியத்தின் வட்டார வளமையத்துக்குப் போ. சிறப்புப் பயிற்றுநர் ஒருவரோடு பள்ளி ஆயத்த மையத்திலும், பள்ளிக்கு வர முடியாத ஒரு பிள்ளையின் வீட்டிலும் கொஞ்ச நேரம் உட்கார். எந்தப் பிள்ளையிடம் உனக்கு நேரம் போவதே தெரியவில்லையோ, அதுவே உன் பிரிவு.

எங்கே படிப்பது

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட், ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம். 2005-இல் தொடங்கியது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சைப் பிரிவுகளும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில் இருப்பது அங்கே பெரிய லாபம். காலையில் படித்ததை மதியம் கண்ணால் பார்க்கலாம். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தின் சிறப்புக் கல்விப் புலம் இருக்கிறது. கோவையிலேயே பெண்களுக்கான அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வித் துறை உண்டு. வெளியே போக முடிந்தால் செகந்திராபாதில் அறிவுசார் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், 1984-இலிருந்து இருக்கிறது. நாம் இங்கே பயன்படுத்தும் மதிப்பீட்டுப் படிவங்கள் பல அங்கே உருவானவை.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அலுவலகத்தில் நிற்காதே, அவர்களுடைய செய்முறைப் பள்ளி எது என்று கேட்டு அங்கே போ. பிள்ளைகள் எத்தனை பேர், ஒரு பயிற்சி மாணவிக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளையோடு கிடைக்கும், யார் மேற்பார்வை என்று கேள். கடைசி ஆண்டு மாணவியிடம் தனியாக, "ரெக்கார்டை நீங்களே பிள்ளையைப் பார்த்து எழுதுறீங்களா, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுறீங்களா?" என்று கேள். அந்தப் பதில் கிடைத்தால் கல்லூரியின் தரம் தெரிந்துவிடும்.

லீவு, பணம், வீடு

எம்.எட். சிறப்புக் கல்வி முழுநேரப் படிப்பு. வருகைப்பதிவும் செய்முறையும் கறாராக இருக்கும். சனி, ஞாயிறு மட்டும் வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடு. அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ இருந்தால் தடையின்மைச் சான்றை எழுத்தில் வாங்கிய பிறகே விண்ணப்பம் போடு. விடுப்பு எந்த வகையில் வரும், அந்தக் காலம் பணிக்காலத்தில் சேருமா என்பதையும் எழுத்திலேயே கேள். ஊக்க ஊதிய உயர்வை மனசில் வைத்துக் கணக்குப் போடாதே, அதன் விதிகள் 2020-க்குப் பிறகு மாறிவிட்டன. தனியார் பள்ளி என்றால் திரும்பி வந்தால் எடுத்துக்கொள்வார்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்.

கைக்குழந்தையோடு படிக்கும் தங்கைகளுக்கு ஒன்று. களப்பயிற்சி மாதங்கள் எப்போது வரும் என்று பாடத்திட்டத்தில் முதலிலேயே பார்த்து, அந்த மாதங்களுக்கு அம்மாவையோ மாமியாரையோ இப்போதே கேட்டு வை. தேர்வு மாதத்தைவிடக் களப்பயிற்சிதான் ஆளைச் சாப்பிடும்.

சேர்ந்த பிறகு: பார்க்கப் பழகு, எழுதப் பழகு

எம்.எட்.டில் சிறப்புக் கல்வியின் வளர்ச்சி, கற்றல் உளவியல், பாடத்திட்ட வடிவமைப்பு, ஆய்வு முறை, புள்ளியியல், குடும்பம் சார்ந்த சிக்கல்கள், உதவிக் கருவிகள் என்று தாள்கள் வரும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் உன்னை வேலை தெரிந்தவளாக்குவது மதிப்பீடும் தனிநபர் கல்வித் திட்டமும்தான். நாம் ஐ.இ.பி. என்று சொல்லும் அந்தத் திட்டத்தை எழுதிப் பழகு.

"மாணவன் எழுதக் கற்றுக்கொள்வான்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "பலகையில் உள்ள ஈரெழுத்துச் சொல்லைப் பார்த்து, கோடு போட்ட நோட்டில், கை பிடிக்காமல், ஐந்துக்கு நான்கு முறை சரியாக எழுதுவான்" என்று எழுது. எந்த நிலையில், எந்த உதவியோடு, எத்தனை முறை என்பது இருந்தால் நீ லீவு போட்டாலும் அடுத்த டீச்சர் தொடரலாம். பிள்ளையின் அம்மாவும் வீட்டில் பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் உண்டா இல்லையா என்று சண்டை இல்லாமல் தெரியும்.

மதிப்பீட்டுக் கருவிகளில் சென்னையில் பிறந்த ஒன்று உண்டு. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய எம்.டி.பி.எஸ். 18 பகுதிகள், பகுதிக்கு 20 செயல்கள், மொத்தம் 360. உண்பது, உடுத்துவது, எண்ணுவது, பணத்தைக் கையாள்வது என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். இதைப் பெற்றோரிடம் கேட்டுக் கேட்டு டிக் அடிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. "அவனே சாப்பிடுவானா?" என்றால் அம்மா "சாப்பிடுவான்" என்பார். தட்டை வைத்துப் பார்த்தால் பிசைந்து உருட்டித் தருவது அம்மா, வாயில் போட்டுக்கொள்வது மட்டும் பிள்ளை. அம்மா பொய் சொல்லவில்லை. தான் செய்யும் பாதி அவருக்கே தெரிவதில்லை. ஆகவே முடிந்த மட்டும் கண்ணால் பார்த்து நிரப்பு.

ஆட்டிசத்துக்கான இந்திய அளவுகோல் ஐ.எஸ்.ஏ.ஏ.வில் 40 கூறுகள். 70-க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. இதைப் படித்துத் தெரிந்துகொள். ஆனால் தெரிந்த கையோடு தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண் போடாதே. குறைபாட்டுச் சான்று தருவது மருத்துவக் குழுவின் வேலை. நாம் பார்ப்பதை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

ஆய்வுத் தலைப்பைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. எங்கோ எழுதிய ஆங்கிலக் கேள்வித்தாளைக் கொண்டுவந்து நூறு ஆசிரியர்களின் மனப்பான்மையை அளப்பதை விட்டுவிடு. உன் வகுப்பில், தமிழில், யாரும் கவனிக்காத ஒன்றை எடு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று வாசிக்கிறது. நாம் "கவனமா படி" என்கிறோம். அந்த எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பார். ஒலியில் பின்னால் வரும் உயிரின் குறி, எழுத்தில் முன்னால் ஒற்றைக் கொம்பாகவும் பின்னால் காலாகவும் பிரிந்து நிற்கிறது. கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது, கால் அதன் கண்ணில் படுவதே இல்லை. பிரெய்லில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே மெய் முதலில், உயிர் அதன் பின்னால், ஒலிக்கும் வரிசையிலேயே புள்ளிகள் வரும். எந்தக் குறியில் பிள்ளைகள் அதிகம் தடுக்குகிறார்கள், காலுக்கும் கொம்புக்கும் ஒரே வண்ணம் கொடுத்தால் மாறுகிறதா என்று பத்துப் பிள்ளைகளின் நோட்டை வைத்து ஆறு மாதம் பார்த்தாலே நல்ல ஆய்வு. அதே சமயம் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதும் எல்லாப் பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா என்று சொல்லிவிடாதே. ல, ள, ழ குழப்பம் நம் ஊரில் பெரியவர்களுக்கே உண்டு.

ஆய்வில் பிள்ளையின் பெயர், போட்டோ, பள்ளி எதுவும் வெளியே தெரியக்கூடாது. பெற்றோரிடம் தமிழில் எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிள்ளை வீடியோ போடும் பழக்கம் இருந்தால் சேரும் நாளிலேயே விட்டுவிடு.

சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பாடமாக மட்டும் படிக்காதே. 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆயின. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ படிக்கலாம் என்கிறது 31-வது பிரிவு. "எங்க ஸ்கூல்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு வசதியில்லம்மா" என்று திருப்பி அனுப்பும் இடத்தில் 16-வது பிரிவையும் சேர்த்துச் சொல்ல உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்பது அதில் இருக்கிறது.

அடுத்தது பொதுத்தேர்வுச் சலுகைகள். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று குறைபாட்டுக்கு ஏற்றபடி உண்டு. மார்ச்சில் தேர்வு என்றால் ஜனவரியில் ஓடி வருவார்கள். கல்வியாண்டு தொடங்கியதுமே மருத்துவச் சான்றையும் விண்ணப்பத்தையும் தலைமையாசிரியர் மூலம் நகர்த்து. சொல்வதை எழுதுபவரோடு பிள்ளை பழகுவதற்கே காலாண்டு, அரையாண்டு இரண்டும் வேண்டும். யாரென்றே தெரியாதவரிடம் விடை சொல்லச் சொன்னால் தெரிந்ததும் மறந்துபோகும்.

பிள்ளைகளின் குறைபாட்டைக் கண்டறியப் பள்ளிக் கல்வித் துறை வைத்திருக்கும் நலம் நாடி செயலியில் முதல் பதிவைச் செய்வது வகுப்பாசிரியர்கள்தான். உன் பள்ளியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சரியாகச் செய்ய உதவு. அவசரத்தில் போட்ட ஒரு டிக் பிள்ளையோடு பல வருஷம் போகும்.

வேலை நிலவரம்

ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வேலை செய்யும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். செய்யும் வேலைக்கு அது நியாயமான ஊதியம் கிடையாது. ஒருவரே பல பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் அலைகிறார். மாற்றத்துக்கான வழி நீதிமன்றத்தில் திறந்திருக்கிறது. ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்கி நிரந்தரமாக நிரப்ப வேண்டும் என்றது. பிறகு ஒன்றிய அரசு வகுத்த விகிதம், தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர். 2025 மார்ச்சில் பணியிட எண்ணிக்கையை அறிவிக்கும்படியும், ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் தகுதியைப் பரிசீலிக்கும்படியும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பதிவு எண்ணோடு தயாராக இருப்பவர்களுக்குத்தான் இதில் பலன். நம் மாநிலத்தில் ஆசிரியர் தேர்வு வாரியம் 'சிறப்பாசிரியர்' என்று அறிவித்தால் அது ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆசிரியர் பணியாக இருக்கும். அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு விண்ணப்பி.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சிறப்புக் கல்வியாளர் இருக்க வேண்டும் என்பது இணைப்பு விதி. அங்கே சேரும்போது வேலை என்னவென்று எழுதி வாங்கு. இல்லாவிட்டால் லீவு போட்ட டீச்சரின் வகுப்பை எல்லாம் உன் தலையில் கட்டுவார்கள். கல்லூரியில் பேராசிரியராக விருப்பமா? எம்.எட். சிறப்புக் கல்வியோடு பள்ளிப் பாடத்தில் முதுகலையும் நெட் அல்லது பிஎச்.டி.யும் வேண்டும், அதற்கு இப்போதே திட்டமிடு. சொந்தமாக மையம் வைத்தால் போர்டில் 'சிறப்புக் கல்வியாளர்' என்று மட்டும் எழுது. பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறைக்கும் தனித்தனியே படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வரவழை. ஆர்.சி.ஐ. பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர் பயிற்சியில் 100 புள்ளிகள் சேர்க்க வேண்டும். கடைசி வருஷத்தில் மொத்தமாகத் தேடாமல் வருஷத்துக்கு 20 என்று சேர்த்துக்கொண்டு வா.

பெற்றோரிடம் பேசுவது

எந்தப் பாடத்திட்டமும் இதற்குப் போதுமான நேரம் தருவதில்லை. முதல் சந்திப்பில் குறைபாட்டின் பெயரைச் சொல்லாதே. அப்பா, அம்மா இருவரையும் வரச்சொல். அம்மாவிடம் மட்டும் சொன்னால் வீட்டில் பழி முழுவதும் அவர் தலையில் விழும். பிள்ளைக்கு நன்றாக வருவது எது என்று முதலில் சொல், அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். பிறகு நீ பார்த்ததைப் பார்த்தபடி சொல்: "கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் பிஸ்கட் கவர் சத்தம் கேட்டால் வருகிறான்." அடுத்து எங்கே போய்ப் பரிசோதிக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், என்ன காகிதம் எடுத்துப் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடு. "எப்போ சரியாகும்?" என்று கேட்பார்கள். தேதி சொல்லாதே. இந்த மூன்று மாதத்தில் எதை முயலப் போகிறோம் என்று சொல், வீட்டில் அவர்கள் செய்ய ஒரே ஒரு வேலை கொடு. ஐந்து கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அடுத்த சந்திப்பின் தேதியை அவர்கள் எழுந்து போவதற்கு முன் குறித்துக் கொடுத்துவிடு.